எட்டு எலிகளும் மூன்றாம் மேசையும்

மனைவிக்கு இருமல் வந்தால் எந்தக் கணவனும் தண்ணீர் எடுக்க ஓடுவான். எலிக்காரர் முதலில் கடிகாரத்தைப் பார்ப்பார். அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து ஐம்பதுக்கு, முன்னறையில் துணி மடித்துக்கொண்டிருந்தவள் போர்வையைப் பாதி மடிப்பில் விட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். அவர் நேரத்தை மனதில் குறித்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் தண்ணீர். அவள் இரண்டு மிடறு குடித்து முடித்ததும் முதுகில் கை வைத்து, விலா ஏறி இறங்குவதை அரை நிமிடத்துக்கு எண்ணி, இரண்டால் பெருக்கி, நீலக்கோடு போட்ட நோட்டில் எழுதினார். இருபத்தெட்டு.

"எண்ணியாச்சா? அப்படியே வாலைப் பிடிச்சுத் தூக்கி எடையும் போட்டுடுங்க," என்றாள், மூச்சு கொஞ்சம் திரும்பியதும்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. ஏனென்றால் அவர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். முப்பது வருடத்துக்கு மேல், பயிர்ப் பூச்சியைக் கொல்லப் பூஞ்சையிலிருந்தே மருந்து தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. தீனி வைப்பது, கூண்டு கழுவுவது, எடை போடுவது, மூச்சு எண்ணுவது, எழுதுவது. விஞ்ஞானிகள் வந்தார்கள், போனார்கள். எலிகள் அதைவிட வேகமாக வந்தன, போயின. அவர் மட்டும் அங்கேயே இருந்தார். பேரைச் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டதில்லை. எலிக்காரர் என்றால் வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியும். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் அவரோடு வீட்டுக்கு வந்துவிட்டது. வீடும் அதற்கேற்ற மாதிரிதான், இரண்டு அறையும் ஒரு திறந்த மாடியும். எலி வளையானாலும் தனி வளை என்று அவரே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார்.

நோட்டு போடச் சொன்னது நெஞ்சு மருத்துவர். ஏழு வாரத்துக்கு முன்னால், அவள் மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்ட பிறகு, கட்டாயப்படுத்தி அழைத்துப் போயிருந்தார். மருத்துவர் சின்ன வயதுப் பெண். படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, கேள்விமேல் கேள்வியாகக் கேட்டாள்.

"வீட்ல புறா இருக்காம்மா? கிளி, கோழி எதாவது?"

"ஒண்ணும் இல்ல டாக்டர். இவர் ஒருத்தர்தான்."

"சுவர்ல ஈரம்? பழைய மெத்தை, பழைய பேப்பர் கட்டு?"

"வீடு கண்ணாடி மாதிரி வெச்சிருப்பேன்."

"செடிக்கு மருந்து அடிக்கிறீங்களா?"

"மருந்தா? சேச்சே. எங்க மாடில எல்லாமே இயற்கைதான். வெறும் பூஞ்சை. அதைத் தின்னாலும் ஒண்ணும் ஆகாது," என்று அவள் பெருமையாகச் சொன்னாள். பெருமைக்குக் காரணம் இருந்தது. இருபத்தெட்டு வருடம் அந்தப் பூஞ்சையை மூட்டை மூட்டையாக வளர்த்து, சலித்துப் பை கட்டிய கை அவளுடையது. மருத்துவர் இருமல் சத்தத்துக்கு நடுவே முதல் பாதியை மட்டும் கேட்டிருக்க வேண்டும். தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். பக்கத்து நாற்காலியில் இருந்த எலிக்காரர் அந்த இரண்டாம் பாதியை எடுத்துச் சொல்லவில்லை. அப்போது அவருக்கு நிச்சயமாக எதுவும் தெரியாது. பழைய எலிக்கூண்டு ஒன்று நினைவுக்கு வந்து போனது, அவ்வளவுதான்.

கிளம்பும்போது மருத்துவர் அவரைப் பார்த்துச் சொன்னாள்: "ஐயா, எதோ ஒரு தூசிக்கு இவங்க உடம்பு கோபப்படுது. இப்போதைக்கு வீக்கம்தான். எந்தத் தூசின்னு கண்டுபிடிச்சு நிறுத்திட்டா தேறிடலாம். நிறுத்தலேன்னா நுரையீரல் தழும்பாயிடும். தழும்பு திரும்பாது. என்னிக்கு, எப்போ, என்ன செஞ்சப்புறம் இருமல் வருதுன்னு எழுதிட்டு வாங்க." வேறு யாரிடமாவது சொல்லியிருந்தால் இரண்டு நாள் எழுதி மூன்றாம் நாள் மறந்திருப்பார்கள். இவரிடம் சொன்னாள். தேதி, நேரம், மூச்சு, எடை, அன்று செய்த வேலை என்று ஐந்து கட்டம் போட்டு, ஒரு நாள் விடாமல் எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்த வீட்டில் 'ஷிப்ட்'. அப்படித்தான் இருவரும் சொல்வார்கள். காலைச் சாப்பாடு முடிந்ததும் அவள் அலமாரியிலிருந்து பழைய நீல அங்கியை எடுத்து மாட்டிக்கொள்வாள். இடது பையில் தொழிற்சாலை முத்திரை வெளுத்து ஒரு வட்டம் மட்டும் மிச்சம். அவரும் தன் வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு, "மூணாம் மேசை வந்தாச்சா?" என்பார். பொட்டலப் பிரிவில் அவள் நின்ற மேசை அது. "மூணாம் மேசை ஆஜர். எலிக்காரர்தான் எப்பவும் போல லேட்டு," என்பாள். அரைவேக்காடாக அவித்து, குக்கரில் வைத்துக் கிருமி போக்கிய அரிசியில் இரண்டு வாரத்துக்கு முன் அவள் பூஞ்சை வித்து கலந்து கட்டிவைத்த பைகள் படிக்கட்டுக்கு அடியில் இருக்கும். முதலில் வெள்ளை படர்ந்து, பிறகு பாசி நிறத்துக்குத் திரும்பியிருக்கும். அதைக் காயவைத்து, மாடியில் பழைய துணியை விரித்து, அவள் சல்லடையை இடது கையில் தட்டித் தட்டிச் சலிப்பாள். பச்சைப் பொடி புகை மாதிரி எழும்பி அவள் இமைமயிரில் உட்காரும். மழை விட்ட பிறகு பழைய மரப்பெட்டியைத் திறந்தால் வரும் ஒரு வாசனை அதற்கு. அவள் கண்ணை மூடிக்கொண்டு அதை இழுப்பாள்.

"இந்த வாசனை வந்தா எனக்கு வயசு இருபத்தஞ்சு," என்பாள். சலிப்பதற்கு இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரமும் பழைய கதைதான். ஐந்தாம் மேசைக்காரி மேற்பார்வையாளரின் குடையை ஒளித்தது, கூண்டிலிருந்து தப்பிய எலி சம்பள நாளில் காசாளர் மேசைமேல் ஏறி நின்றது, எல்லாம் நூறாவது முறையும் முதல் முறை போலவே சிரிப்பு வரும். பொடியைத் தண்ணீரில் கரைத்துச் செடிக்குத் தெளிப்பது கடைசிப் பத்து நிமிடம். பத்துக் கத்திரிச் செடிக்கு இவ்வளவு பொடி எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் பதில் கிடையாது.

வித்து இருந்த கண்ணாடிக் குழாய் குளிர்ப்பெட்டியின் கதவில், எலுமிச்சம்பழங்களுக்குப் பக்கத்தில் நின்றது. ஆய்வுக்கூடத் தலைவியான மேடம், தான் ஓய்வு பெற்ற நாளில் அதை அவள் கையில் கொடுத்து, "உன்னைவிட நல்லா இதை யாரும் வளர்த்ததில்ல. வெச்சுக்கோ," என்றாள். மாதத்துக்கு ஒருமுறை புதுக் குழாய்க்கு மாற்றி மாற்றி, அவள் அதை உயிரோடு வைத்திருந்தாள். வெளியூரிலிருந்து மகள் போன் செய்தால், "அப்பா எப்படி இருக்கார், தம்பி எப்படி இருக்கான்?" என்று கேட்பாள். தம்பி என்றால் அந்தக் குழாய்தான்.

மூன்றாவது வாரத்திலேயே நோட்டு பேசிவிட்டது. ஞாயிறு மாலை ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில் இருமல், திங்களன்று லேசான காய்ச்சல், புதன்கிழமை தெளிவு, மறுபடி ஞாயிறு. நான்காம் ஞாயிறு அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். அன்று இருமல் இல்லை. மூச்சு பதினெட்டு. எலிக்குச் சோதனைச் சொட்டு விடாத வாரம் என்று அவர் மனதில் ஒரு குரல் சொன்னது. அதை அவர் எழுதவில்லை. 'அன்று செய்த வேலை' கட்டத்தில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கும் 'தோட்ட வேலை' என்று மட்டும் எழுதியிருந்தார். முப்பது வருடத்தில் ஒரு எலியின் அரை கிராமைக்கூடக் கூட்டிக் குறைத்து எழுதாத மனிதர், அந்த இரண்டு சொல்லுக்கு அடியில் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் வாரமும் ஷிப்ட் நடந்தது. ஆறாம் வாரமும் நடந்தது. இன்று ஏழாம் வாரம். நாளை விட்டு அடுத்த திங்கட்கிழமை மருத்துவரிடம் நோட்டைக் காட்ட வேண்டும்.

அந்த வாரம் முழுக்க அவர் நோட்டை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். ஷிப்ட் போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரியது ஒன்று இருந்தது. அதற்கு முப்பத்தைந்து வயது.

அப்போது தொழிற்சாலை புதிது. மேடம் முதலில் நடத்திய சோதனையில், ஒவ்வொரு எலியின் மூக்கிலும் பச்சைப் பொடி கரைத்த நீர் ஒரே ஒரு சொட்டு. ஒன்றுகூடச் சாகவில்லை. எலியின் உடம்புச் சூட்டில் அந்தப் பூஞ்சையால் வளர முடியாது. சில நாளில் சுவடில்லாமல் போய்விட்டது. எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார்கள். மேடம் மட்டும் திருப்தியில்லாமல், "வேலை செய்யறவங்க ஒரு தடவையா மூச்சு விடறாங்க? தினம் தினம் இல்ல விடறாங்க," என்று சொல்லி, மீதியிருந்த எட்டு எலிகளுக்கு வாரம் ஒரு சொட்டு விடச் சொன்னாள். முதல் வாரம் ஒன்றுமில்லை. இரண்டாம் வாரமும் இல்லை. மூன்றாம் வாரம் எட்டும் முடியைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் குவிந்தன. நான்காம் வாரம் சொட்டு விட்ட சில மணி நேரத்தில் விலா படபடவென்று அடித்துக்கொண்டது. அவர்தான் எண்ணினார், அவர்தான் எழுதினார். கொதிக்கவைத்துக் கொன்ற பொடியை விட்டுப் பார்த்தபோதும் அதேதான்.

"செத்த பூஞ்சை என்ன மேடம் செய்யும்?" என்று கேட்டார்.

"பூஞ்சை ஒண்ணும் செய்யலப்பா. இது உடம்போட எதிர்ப்பு சக்தி. ஒரு தடவை பார்த்த முகத்தை அது மறக்காது. அதே முகம் திரும்பத் திரும்ப வாசல்ல வந்து நின்னா, ஆள் படையைக் கூட்டிக்கிட்டு சண்டைக்கு வந்துடும். சண்டை நடக்கறது நுரையீரல்ல. வந்தவனுக்கு ஒண்ணும் ஆகாது, வீடுதான் உடையும்," என்றாள் மேடம். மறுநாளே பொட்டலப் பிரிவுக்கு ஆளுக்கு இரண்டு முகமூடி வந்தது. இரட்டை நாடா வைத்த கெட்டித் துணி. கட்டாயம் என்று அறிவிப்பும் ஒட்டினார்கள்.

பொட்டலப் பிரிவுக்கும் நடைபாதைக்கும் நடுவில் ஒரு பெரிய கண்ணாடிச் சன்னல். கூண்டுகளைக் கழுவ எடுத்துப் போகும்போது அந்தச் சன்னலைத் தாண்டித்தான் போக வேண்டும். குறுக்கு வழி ஒன்று இருந்தும் அவர் அந்த வழியாகத்தான் போவார். மூன்றாம் மேசைக்காரி சிரித்தால் இடது கன்னத்தில் ஒரு குழி விழும். அந்தக் குழிக்காக அவர் ஒரு நாளைக்குக் கழுவின கூண்டையே மூன்று தடவை கழுவினார். முகமூடி வந்த அன்று சன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரே மாதிரி பத்துப் பெண்கள். அவர் நின்றார். இரண்டு விரலைத் தன் மூக்கின்மேல் வைத்து, கீழே இழுத்துக் காட்டினார். அவள் இல்லையென்று தலையாட்டினாள். மறுபடி காட்டினார். அவள் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு முகமூடியைத் தாடைக்குக் கீழே இழுத்துவிட்டாள். குழி விழுந்தது. அன்று தேநீர் இடைவேளையில், "என் எலி ஒண்ணுகூட சாகல. அந்தத் துணி எதுக்கு உங்களுக்கு?" என்று அவளிடம் பெரிய மனுஷன் மாதிரி சொன்னார். எட்டு எலிகளின் மூச்சுக் கணக்கு அப்போது அவர் சட்டைப்பையில் இருந்தது. எலி வேறு, மனுஷி வேறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அடுத்த வருடம் கல்யாணம்.

மறு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவள் நீல அங்கியின் பொத்தானைப் போட்டுக்கொண்டே முன்னறைக்கு வந்தாள். அவர் அங்கி மாட்டாமல் நோட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"என்ன, எலிக்காரர் வேலைநிறுத்தமா?"

"இன்னிக்கு ஷிப்ட் இல்லம்மா."

"யார் சொன்னது?"

"நோட்டு."

நோட்டை நீட்டினார். எடைச் சீட்டுகளைப் படித்துப் படித்து வாழ்ந்தவளுக்குக் கட்டங்களை யாரும் விளக்க வேண்டியதில்லை. விரலை ஞாயிறு ஞாயிறாக இறக்கினாள். தங்கை வீட்டு வாரத்தில் விரல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு பக்கவாட்டில் நகர்ந்தது.

"தோட்ட வேலையா? சலிச்சதை ஏன் எழுதல?"

அவர் நோட்டைத் திரும்ப வாங்கக் கை நீட்டினார்.

"உங்க நோட்டுலகூடப் பொய் வருமா?" கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பார். ஆச்சரியமாகக் கேட்டாள். "எப்போ தெரிஞ்சது?"

"மூணாவது வாரம் சந்தேகம். நாலாவது வாரம் தெரிஞ்சுபோச்சு. வாயைத் திறந்தா ஷிப்ட் போயிடுமேன்னு…" பூனைக்கு யார் மணி கட்டுவது என்று வாரம் முழுக்கத் தவித்தவர், கட்டத் தொடங்கியதும் நிறுத்தவில்லை. எட்டு எலிகளைச் சொன்னார். நான்காம் வாரத்தைச் சொன்னார். செத்த பொடியைச் சொன்னார். "அந்த முகமூடியே அதுக்காகத்தான் வந்தது. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் உன்னைக் கழட்டச் சொன்னேன்."

அவள் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தாள்.

"ஒண்ணுகூட சாகலைன்னீங்க."

"சாகலதான்."

"மூச்சு வாங்கிச்சா?"

"வாங்கிச்சு."

வெளியே யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள். அது கிளம்பாமல் கிளம்பாமல் கடைசியில் கிளம்பிப் போனது. அவள் மடியில் கிடந்த நோட்டின் ஓரத்தைச் சுருட்டினாள், விரித்தாள்.

"நிறுத்தினதுக்கு அப்புறம்?"

"எட்டுல ஆறு, ஒரு மாசத்துல தெளிஞ்சுது."

எதைச் சொன்னாலும் அதற்கு அடுத்த கேள்வியைக் கேட்கிறவள் அவள். மற்ற இரண்டு என்ன ஆனது என்று அவள் கேட்கவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

"மத்தவங்க எல்லாம் ஒழுங்காப் போட்டுக்கிட்டாங்க," என்றாள் மெதுவாக. "நான் ஒருத்திதான் கழுத்துல தொங்கவிட்டுக்கிட்டு நின்னேன். மேற்பார்வையாளர் திட்டினா ஏத்திக்குவேன், அந்தாண்ட போனா இறக்கிடுவேன். நீங்க எப்போ அந்த வழியா வருவீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? கல்யாணத்துக்கு அப்புறமாவது போட்டுக்கிட்டு இருக்கலாம். பழகிப்போச்சு."

அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். பகல் வெளிச்சத்தில், சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அவள் தேற்றவில்லை, எழுந்து போகவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பேனாவை எடுத்து, ஒவ்வொரு 'தோட்ட வேலை'யையும் ஒரே கோட்டில் அடித்து, அதற்குமேல் தன் உருண்டை எழுத்தில் எழுதினாள்: பச்சைப் பொடி சலித்தேன், இரண்டு மணி நேரம். ஏழு வாரத்தில் ஆறு முறை எழுதினாள். நீல அங்கியைக் கழற்றி, மடித்து, அவர் பக்கம் தள்ளினாள்.

"குழாயை நீங்களே கொதிக்க வைங்க. நான் பார்க்கமாட்டேன்," என்றாள். பிறகு, "பொண்ணுக்குப் போன் பண்ணி நானே சொல்லிக்கறேன். தம்பி போயிட்டான்னு திடீர்னு சொல்லித் தொலைக்காதீங்க, பயந்துடுவா," என்றாள். அதில் கொஞ்சம் பழைய குரல் இருந்தது. கொஞ்சம்தான்.

அவர் மருந்துக்கடையில் வாங்கிவைத்திருந்த கெட்டி முகமூடியையும் கையுறைகளையும் மாட்டிக்கொண்டு, குழாயையும் அங்கிகளையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தி, அடி இடுக்கில் ஈரத்துணியைத் திணித்தார். பொடி பறக்கக் கூடாது என்பதால் முதலில் எல்லாவற்றின்மேலும் தண்ணீர் தெளித்தார். சல்லடை, விரிப்புத் துணி, காயவைத்த அரிசி, அங்கிகள். எல்லாம் கறுத்துக் கனமாகி அடங்கின. ஒவ்வொன்றாகப் பையில் போட்டு வாயைக் கட்டினார். சின்ன அடுப்பில் பாத்திரத்தை வைத்தார். குழாயைத் தண்ணீருக்குள் இறக்கும் முன் ஒருமுறை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அவள் சாய்த்து வளர்த்த சரிவில் பச்சை ஒரு திட்டு இல்லாமல் சமமாகப் படர்ந்திருந்தது. மேடம் சொன்னது சரிதான், இவ்வளவு அழகாக யாரும் வளர்த்ததில்லை. இறக்கினார்.

நிமிர்ந்தபோது கதவுக்கு அந்தப் பக்கம் அவள் நின்றுகொண்டிருந்தாள். பார்க்கமாட்டேன் என்று சொன்னவள் எத்தனை நேரமாக நிற்கிறாளோ தெரியவில்லை. தலை நரைத்திருந்தது, தோள் இறங்கியிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் நிற்கும் விதம் மட்டும் மாறவே இல்லை. ஒரு காலில் சாய்ந்து, இடது கையைக் கண்ணாடியில் ஊன்றியிருந்தாள்.

அவள் இரண்டு விரலைத் தன் மூக்கின்மேல் வைத்தாள். கீழே இழுத்துக் காட்டினாள்.

எலிக்காரர் இல்லையென்று தலையாட்டினார்.

அவள் மறுபடி காட்டினாள். அவர் பச்சை படிந்த கையுறைகளோடு அப்படியே நின்றார்; முகமூடிக்குமேல் தெரிந்த கண் இரண்டும் நிறைந்து வழிந்தன. அவள் நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்தாள். அவள் வாய்க்கு நேரே கண்ணாடியில் ஆவி ஒரு வட்டமாகப் படிந்தது, சுருங்கியது, மறுபடி படிந்தது. அடுப்பில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கியிருந்தது. அவர் அந்த வட்டத்தை எண்ணத் தொடங்கினார்.